காயம் படாத விளக்கு

"இறுக்கிப் புடிங்க நர்ஸம்மா. ஆடுச்சுன்னா டாங்கி ஓட்டையாயிரும்."

கருப்பண்ணன் வெல்டிங் குழாயைத் திருகினான். லைட்டர் கிளிக்கென்றது. நீலச் சுவாலை சீறிக்கொண்டு அரை அடிக்கு நீண்டது. ஜெசிந்தா பெஞ்சின்மேல் இருந்த, டாங்கி நெளிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சே நிமிசம். பள்ளத்துல ஒரு கம்பிய ஒட்ட வெக்கறேன், ஒரே இழுப்பு இழுக்கறேன். டீ குடிச்சுட்டு நீங்க பாட்டுக்கு பஸ் ஏறிப் போலாம்."

சுவாலை டாங்கிக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிட்டது.

"கருப்பண்ணா, உனக்கு எத்தன புள்ளைங்க?"

பட்டறை வாசலில் ஒரு அம்மாள் நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். தலையை மூடிய வெள்ளைத் துப்பட்டி, கையில் காய்கறிப் பை. குரலில் அவசரமே இல்லை. கருப்பண்ணன் குழாயைப் பிடித்தபடியே திரும்பினான்.

"ரெண்டுங்க. ஏனுங்க?"

"ரெண்டுக்கும் அப்பன் வேணுமா, வேண்டாமா?"

அவன் விழித்தான். அந்த அம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஜெசிந்தாவின் கையிலிருந்து விளக்கை வாங்கி, மூடியைத் திருகிக் கவிழ்த்தாள். ஏழெட்டுச் சொட்டு மண்ணெண்ணெய் சிமென்ட் தரையில் விழுந்தது. வாடை குப்பென்று ஏறியது. கருப்பண்ணன் குழாயை அணைத்த வேகத்தில் அவன் செருப்பு ஒன்று கழன்று தெருவுக்குப் போனது.

"காலி டாங்கின்னு இவங்கதானுங்க சொன்னாங்க."

"காலி டாங்கிதான் மோசம் சாமி. எண்ணெய் இருந்தா எரியும். ஆவி இருந்தா வெடிக்கும். உன் பட்டறைத் தகரம் இந்நேரம் பஸ் ஸ்டாண்டுல கெடந்திருக்கும்." அவள் விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். "எங்க ஊட்டுக்கு வாங்க கண்ணு. இதுக்கு நெருப்பு வேண்டாம்."

"அக்பர் பாய் ஊடுங்க," என்றான் கருப்பண்ணன், இன்னும் நெஞ்சைத் தடவிக்கொண்டு. "வாடகைக்கு லைட்டு விடறாரே, அவரு. பாய் கை பட்டா விளக்கு புதுசாயிரும். எனக்கு அப்பவே தோணுச்சு."

"தோணுனத வாயத் திறந்து சொல்லியிருக்கலாமில்ல," என்றாள் அந்த அம்மாள், காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு.

மணி ஒன்பதரை. மலைக்கு அடுத்த பஸ் மூன்று பத்துக்கு. ஜெசிந்தாவிடம் இருந்தது ஐந்து மணி நாற்பது நிமிஷம்.

*

கொல்லிமலையில் ஜெசிந்தா நர்ஸாக வந்து எட்டு மாதம். சொந்த ஊர் மணப்பாடு. கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே வேலை. வேலையில் சேரப் போட்ட கையெழுத்தை நினைத்து முதல் மாதம் முழுக்க அழுதாள். இரண்டாவது மாதம்தான் வளப்பூர் நாட்டு மலைக்கிராமம் ஒன்றில் பொன்னியைப் பார்த்தாள்.

பொன்னிக்கு இருபத்தொரு வயது. போன வருஷம் வீட்டிலேயே முதல் பிரசவம். குழந்தை தங்கவில்லை. ரத்தம் போய்ப் போய் அவளும் பிழைத்ததே பெரிய காரியம். இப்போது மறுபடி நிறைமாதம். கால் வீங்கி, பிரஷர் ஏறி இருந்தது. இவளைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவராவிட்டால் என்ன ஆகும் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும். நோட்டில் எழுதிப் பார்க்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

ஆனால் பொன்னி வரமாட்டேன் என்றாள். டாக்டர் போய்ச் சொன்னார். புருஷன் சின்னராசு கெஞ்சினான். அசையவில்லை. கடைசியில் மாமியார் ராமாயிதான் ஒரு வழி சொன்னாள்.

அந்த வீட்டில் ஒரு பழைய பித்தளை பெட்ரோமாக்ஸ் இருந்தது. ராமாயியின் மாமனார் காலத்து ஜெர்மன் விளக்கு. அந்தக் குடியிருப்பில் எந்த வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறதோ, அங்கே முதல் நாளே அந்த விளக்கு போய்விடும். விளக்கு முன்னால், பிள்ளைத்தாய்ச்சி பின்னால். அது இதுவரை ஒரு தடவைகூடக் கீழே விழுந்ததில்லை, ஒரு கீறல் பட்டதில்லை, அது எரிந்த வீட்டில் எந்தக் குழந்தையும் தவறியதில்லை என்பது பேச்சு. பொன்னியின் முதல் பிரசவத்தின்போது விளக்கு வேறொரு வீட்டில் இருந்தது. அவள் மனதில் அதுதான் முள்ளாக நின்றது.

"வெளக்கு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்," என்றாள் ராமாயி. "அது அங்க எரிஞ்சா நான் வரேன்னு சொல்றா. கொண்டு போறீங்களா நர்ஸம்மா?"

வியாழக்கிழமை சாயங்காலம் ஜெசிந்தா அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பையில் வைத்தாள். விளக்கைக் காலடியில் வைத்து முழங்காலால் அணைத்துக்கொண்டாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் முன்னால், ரோட்டில் குறுக்கே ஒரு மாடு.

டிரைவர் பிரேக்கை மிதித்தார். விளக்கு உருண்டு போய்ப் படிக்கட்டில் மோதியது. எடுத்துப் பார்த்தால் டாங்கியின் வயிற்றில் ஒரு ஆரஞ்சுப் பழம் உட்காரும் அளவுக்குப் பள்ளம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொன்னியை அழைத்துக்கொண்டு வருவதாக ராமாயி சொல்லியிருந்தாள். ஜெசிந்தா யாரிடமும் மூச்சு விடாமல் விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்துச் சேந்தமங்கலத்துக்கு இறங்கிவிட்டாள்.

*

அந்த அம்மாளின் பெயர் ஹாஜிரா பீவி. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடையில் சீரியல் பல்பு, ஒலிபெருக்கிக் குழாய், வரிசையாகத் தொங்கும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள். கடைக்குள் அக்பர் அலி யாரோ கல்யாணக்காரருக்கு மைக் செட்டுப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். ஹாஜிரா பீவி நிற்காமல் சமையலறைக்குப் போனாள்.

"பாய் வரணுமா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"எதுக்கு?"

"நெளிசல் எடுக்க."

ஹாஜிரா பீவி சிரித்தாள். "அவரு கை பட்டா இருக்கற நெளிசல் ரெண்டாவும் கண்ணு. வர்றவங்க பாய் பாய்னு அவருகிட்ட குடுக்கறாங்க. அவரு பின்னால திரும்பி எங்கிட்ட குடுக்கறாரு. இருபது வருசமா அவருக்கு நல்ல பேரு."

சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் மளிகை டப்பாக்களுக்குப் பதிலாக ஸ்பானர்கள், வளைந்த இரும்புக் கம்பிகள், புளியமரச் சுத்தியல்கள், சைக்கிள் டியூப் சுருள்கள் இருந்தன. அவள் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்தாள். மேல் தொப்பி, பர்னர், நடுக்குழாய், பம்பு என்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எதையும் தேடவில்லை. கை போன இடத்தில் ஸ்பானர் இருந்தது. பத்து நிமிஷத்தில் வெறும் டாங்கி மட்டும் மடியில் உட்கார்ந்தது.

சோப்புத் தூள் போட்ட வெந்நீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டினாள். மறுபடி. மறுபடி. நான்காவது தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் துணியால் துடைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தின்மேல் விரல்களை வைத்தாள்.

ஜெசிந்தா அதைக் கவனித்தாள். வயிற்றைத் தொட்டுக் குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று பார்க்கும்போது நல்ல நர்ஸின் கை இப்படித்தான் போகும். அழுத்தாது. கேட்கும்.

"பஸ் படிக்கட்டா?"

ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யார் சொன்னாங்க?"

"பள்ளம் சொல்லுது. கல்லுல விழுந்தா ஓரம் கிழியும். மண்ணுல விழுந்தா அகலமா அமுங்கும். இது நடுவுல நேர்கோடு போட்டாப்பல இருக்குது. இரும்பு விளிம்பு." அவள் டாங்கியை மெதுவாகச் சுற்றினாள். எந்தக் கோளாறும் இல்லாத மறுபக்கத்தில் அவள் கட்டைவிரல் ஒரு கணம் நின்றது. "யாரு வெளக்கு இது?"

"வளப்பூர் நாட்டுல ராமாயின்னு ஒரு அம்மா."

"அப்படிங்களா."

அவள் எழுந்து அடுப்பில் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். ஜெசிந்தா கதை முழுவதையும் அவள் முதுகைப் பார்த்தே சொன்னாள். பொன்னியின் முதல் குழந்தை, வீங்கிய கால், ஒரு கீறல் படாத விளக்கு, குறுக்கே வந்த மாடு. ஹாஜிரா பீவி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டு முடித்ததும், "மூணு பத்துக்கு முன்னாடி வேணும். அவ்வளவுதானே," என்றாள்.

பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். அதில் தட்டைப்பயறு.

"சமைக்கப் போறீங்களா?"

"வெளக்குக்கு ஊட்டப் போறேன்."

டாங்கியின் வாய் வழியாகக் கைப்பிடி கைப்பிடியாகப் பயறு போனது. குலுக்கிக் குலுக்கிக் கழுத்துவரை நிரப்பினாள். அதன்மேல் கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர். மூன்று வாய்களுக்கும் மூன்று பித்தளை அடைப்பான்களைத் திருகி இறுக்கினாள். அந்த அடைப்பான்களை லேத்தில் அவளே நின்று கடைந்து வாங்கியிருக்கிறாள். கடைசியாக சைக்கிள் டியூபைக் கிழித்த நீளப் பட்டைகளால் டாங்கியைச் சுற்ற ஆரம்பித்தாள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து இழுத்துச் சுற்றினாள். பள்ளம் இருந்த இடத்தை மட்டும் ஜன்னல்போல் விட்டாள்.

ஜெசிந்தாவுக்கு மெல்லப் புரிந்தது. பயறு ஊறும். ஊறினால் பெருக்கும். மற்ற எல்லாப் பக்கமும் கட்டு. போவதற்கு ஒரே வழி அந்த ஜன்னல்.

"உள்ளே இருந்தே தள்ளுமா?"

"வெளிய இருந்து இழுத்தா உலோகம் கோவிச்சுக்கும். உள்ள இருந்து தள்ளுனா தானா ஒத்துக்கும். ஒரே நேரத்துல ஆயிரம் விரலு தள்ளுது பாருங்க, ஒரு கைக்கு அது வருமா?"

"மொச்சை போட்டா இன்னும் வேகமாப் பெருக்குமே."

"பெருக்கும். அப்புறம் வெளிய யாரு எடுக்கறது? நானும் ஒருக்கா போட்டுட்டு ஒரு ராத்திரி முழுக்கக் கொக்கி விட்டு எடுத்தேன். உள்ள போறதெல்லாம் சுளுவா போயிரும். வெளிய வர்ற வழி சின்னது. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

எட்டு மாதத்தில் ஜெசிந்தா அப்படிச் சிரித்ததில்லை.

*

பதினொன்று. பன்னிரண்டு. பள்ளம் அப்படியே இருந்தது.

ஹாஜிரா பீவி ரசம் வைத்தாள், முட்டை பொரித்தாள், ஜெசிந்தாவுக்குத் தட்டு போட்டாள். ஜெசிந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. சாக்கின்மேல் கட்டோடு உட்கார்ந்திருந்த டாங்கியையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிரசவத்துக்கு எத்தன நேரம் உக்காருவீங்க?"

"சில சமயம் பத்து மணி நேரம்."

"அப்பவும் இப்படித்தான் கடிகாரத்தப் பாப்பீங்களா?"

"அப்போ பயப்பட மாட்டேன். எனக்குத் தெரிஞ்ச வேலை."

"இது எனக்குத் தெரிஞ்ச வேலை. சாப்பிடுங்க."

ஒரு மணிக்கு ஹாஜிரா பீவி குனிந்து டாங்கியில் காது வைத்தாள். முதல் தடவையாக அவள் நெற்றி சுருங்கியது.

"பயறு பழசு. தண்ணி குடிக்க அடம் புடிக்குது."

ஜெசிந்தா தன் பையை எடுத்தாள். "கருப்பண்ணன்கிட்டயே போயிடலாமா? இப்போதான் டாங்கி சுத்தமா இருக்கே."

"ஒட்டி இழுத்தா பள்ளம் போயிரும். ஒட்டுன தழும்பு போகாது. பொன்னி கண்ணுல எது படக் கூடாது, பள்ளமா, தழும்பா?"

ஜெசிந்தா பையைக் கீழே வைத்தாள்.

ஹாஜிரா பீவி பெரிய அண்டாவில் வெந்நீர் நிரப்பினாள். டாங்கியைக் கட்டோடு அதில் இறக்கினாள். தண்ணீர் ஆற ஆற மாற்றினாள். அரை மணி நேரம். கை இரண்டும் சிவந்துவிட்டன. வெளியே எடுத்ததும் டாங்கியை மடியில் இடுக்கிக்கொண்டு, புளியமரச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தாள். பள்ளத்தில் இல்லை. பள்ளத்தைச் சுற்றி, உப்பியிருந்த கரையில். ஒரு தட்டு, அரை விரல் தள்ளி இன்னொரு தட்டு. ஒரே சீராக, முறத்தில் அரிசி விழுகிற சத்தத்தில்.

"எந்தப் பித்தளையும் பள்ளமாவே கெடக்க ஆசப்படறதில்ல கண்ணு. கரைதான் அத வுடாமப் புடிச்சுட்டு இருக்குது. கரைய இளக்குனாப் போதும்."

மூன்று சுற்று வந்தாள். நான்காவது சுற்றின் பாதியில் டாங்கிக்குள் ஒரு சத்தம்.

டொக்.

ஜெசிந்தா எழுந்தேவிட்டாள். ஆரஞ்சுப் பழம் அளவுப் பள்ளம் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது. ஹாஜிரா பீவி மறுபடி சுத்தியலை எடுத்தாள். இன்னும் மென்மையாக. டொக் என்று இல்லாமல், யாரோ பெருமூச்சு விட்டதுபோல் மிச்சமும் எழுந்து நின்றது.

நடுவில் இருந்த நேர்கோடு மட்டும் போகவில்லை. நகத்தால் கீறியதுபோல் ஒரு மெல்லிய மடிப்பு.

மணி ஒன்று ஐம்பது.

கட்டை அவிழ்த்து, அடைப்பான்களைத் திருகி எடுத்து, டாங்கியைக் கவிழ்த்தாள். ஊறிய பயறு பொதபொதவென்று விழுந்தது. பாதியில் அடைத்துக்கொண்டது. ஒருத்தி கம்பியால் கிளற, ஒருத்தி குலுக்க, பத்து நிமிஷம் இரண்டு பேருக்கும் வியர்த்தது. கடைசிப் பயறு வெளியே வந்ததும் ஜெசிந்தா பழக்கதோஷத்தில் உள்ளே ஏதாவது தங்கிவிட்டதா என்று விரல் விட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் வந்துருச்சா நர்ஸம்மா?"

"முழுசா வந்துருச்சு," என்றாள் ஜெசிந்தா, பிரசவ அறைக் குரலில்.

அலமாரியில் பன்னிரண்டு வளைந்த கம்பிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு. ஹாஜிரா பீவி அளந்து பார்க்கவில்லை, போட்டுப் பார்க்கவில்லை. ஏழாவது கம்பியை உருவினாள். பம்பு வாய் வழியாக நுழைத்தாள். அது நேராகப் போய் மடிப்பின் அடியில் உட்கார்ந்தது.

"எப்படி ஒரே தடவையில எடுத்தீங்க?"

"கைக்கு ஞாபகம் இருக்கும்," என்றாள் அவள். ஜெசிந்தா அதை அனுபவம் என்று எடுத்துக்கொண்டாள்.

உள்ளே கம்பி தாங்க, வெளியே ஒரு கரண்டியின் முதுகால் மடிப்பைத் தேய்க்கத் தேய்க்க அது இளைத்து, மங்கி, காணாமல் போனது. அப்போதுதான் அக்பர் அலி தொழுகை முடிந்து, தொப்பியோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். சாக்கின்மேல் இருந்த டாங்கியைப் பார்த்தார். குனிந்து இன்னொரு தடவை பார்த்தார்.

"அட, ஹாஜிரா, இது..."

"ஏனுங்க." அவள் தலை நிமிரவில்லை. "மலை பஸ்ஸுக்கு யாரு கண்டக்டருன்னு பாருங்க. இந்தப் புள்ள வர்ற வரைக்கும் வண்டிய எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

அக்பர் அலி விளக்கைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஜெசிந்தாவைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கியது தொண்டையிலேயே தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கடை வேலையை விட்டுவிட்டு இதில் உட்கார்ந்ததற்காகக் கோபமோ என்று ஜெசிந்தா சங்கடப்பட்டாள்.

"கோபமா அவருக்கு?"

"அவருக்கு வாயில ரகசியம் நிக்காது. அதான் தொரத்தி உட்டேன்." என்ன ரகசியம் என்று கேட்பதற்குள் அவள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

பம்பை மாட்டிக் காற்று அடித்து, டாங்கியைப் பக்கெட் தண்ணீரில் அமுக்கினாள். ஒரு குமிழி வரவில்லை. தேய்த்த இடம் மட்டும் தனியாக மின்னியது. அதை விட்டுவிடுவாள் என்று ஜெசிந்தா நினைத்தாள். ஹாஜிரா பீவி சலித்த சாம்பலைத் துணியில் தொட்டு டாங்கி முழுவதையும் தேய்த்தாள். மின்னிய இடம் அடங்கியது. மங்கிய இடம் துலங்கியது. எது எங்கே என்று தெரியாமல் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது.

"ஒரு எடம் மட்டும் புதுசா நின்னா அதுவே காட்டிக் குடுத்துரும். பழசு பழசாவே இருக்கோணும்."

எல்லாவற்றையும் மறுபடி பூட்டி, எண்ணெய் ஊற்றி, எரியும் வலைப்பையான மேன்டில் ஒன்றைக் கட்டிப் பற்ற வைத்துப் பார்த்தாள். உஸ்ஸென்ற சீறல். பட்டப்பகலில் சமையலறைச் சுவர்கள் வெளுத்தன. அணைத்து, ஆற வைத்து, புது மேன்டில் இரண்டை ஜெசிந்தாவின் பையில் போட்டாள்.

"இத நான் எப்படிம்மா..."

"புள்ள பொறந்தா ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க. ஓடுங்க."

பஸ் ஸ்டாண்டில் மூன்று பதினைந்துக்கு மலை பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் அக்பர் அலி நின்றுகொண்டிருந்தார். கண்டக்டர் அவரிடம் ஐந்து நிமிஷமாக, "பாய், நீங்க நகர்ந்தா நாங்க போயிருவோமுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தானாம்.

*

எழுபது வளைவிலும் ஜெசிந்தா விளக்கை மடியை விட்டு இறக்கவில்லை.

ஐந்து நாற்பதுக்கு மழைத் தூறலில் இறங்கி ஓடினாள். சுகாதார நிலையத்தின் வராந்தாவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சின்னராசு, பொன்னி, நடுவில் ராமாயி. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். விளக்கு தொங்க வேண்டிய கொக்கி காலியாக இருந்ததைப் பார்த்தும் விட்டார்கள்.

பொன்னி எழுந்துவிட்டாள். வீங்கிய காலோடு ரோட்டைப் பார்த்து ஒரு அடி வைத்துவிட்டாள்.

"வெளக்கு எங்க போச்சுதுங்க?"

"மேன்டில் வாங்கக் கீழே போயிருந்தேன்." ஜெசிந்தா பையிலிருந்த மேன்டில்களை எடுத்துக் காட்டினாள்.

"வெளக்கயும் தூக்கிட்டா?"

ராமாயி கையை நீட்டினாள். "இங்க குடுங்க கண்ணு."

அவள் விளக்கை மடியில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் டாங்கியை மெல்லச் சுற்றித் தடவினாள். பொன்னியின் கண் அந்தக் கைகளிலேயே இருந்தது. ஜெசிந்தாவின் கண்ணும். பள்ளம் இருந்த இடத்துக்கு வந்ததும் ராமாயியின் கட்டைவிரல் நின்றது. ஒரு நாடித் துடிப்பு. இரண்டு. மூன்று.

"ஏத்துங்க," என்றாள் ராமாயி.

ஜெசிந்தா மேன்டிலைக் கட்டிப் பற்ற வைத்தாள். விளக்கு சீறி எழுந்தது. மூன்று நாளாக மலையில் கரண்ட் இல்லை. இருட்டிக்கொண்டு வந்த வராந்தா முழுவதும் வெள்ளையாக நிறைந்தது. பொன்னி விளக்கைச் சுற்றி ஒரு தடவை வந்தாள். கீழிருந்து பார்த்தாள், மேலிருந்து பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, விளக்குக்குப் பின்னால் உள்ளே நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குழந்தை பிறந்தது. பெண். அழுகை கேட்ட இரண்டாவது நிமிஷம் ஜெசிந்தா பயந்தது நடந்தது. ரத்தம் நிற்கவில்லை. ஊசி தயாராக இருந்தது, டாக்டர் பக்கத்திலேயே இருந்தார், பாட்டில் ஏறியது. ரத்தம் அடங்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. பத்து மணிக்கு டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, "வீட்ல இருந்திருந்தா முடிஞ்சிருக்கும் சிஸ்டர்," என்றார்.

*

ஐந்தாம் நாள் அவர்களை அனுப்பினார்கள். சின்னராசு ஜீப் பிடிக்கப் போயிருந்தான். உள்ளே பொன்னி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ராமாயி வராந்தாவில் விளக்கைக் கொக்கியிலிருந்து இறக்கி, கண்ணாடியைக் கழற்றித் துணியில் சுற்றினாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து ஜெசிந்தா மறைத்து வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். விளக்கு அன்னிக்குப் பஸ்ல கீழே விழுந்துடுச்சு. பெரிய பள்ளம். சேந்தமங்கலத்துல ஒரு அம்மா சரி பண்ணிக் கொடுத்தாங்க. ஒருநாளும் விழாத விளக்கை நான் போட்டுட்டேன்."

ராமாயி துணியின் முடிச்சை இறுக்கினாள். கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பொன்னி குழந்தையிடம் ஏதோ கொஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் காதுக்கு எட்டாது என்று தெரிந்ததும் ராமாயி ஜெசிந்தாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"பீவியம்மா நல்லா இருக்கறாங்களா?"

ஜெசிந்தாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. "உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?"

ராமாயி அவள் கட்டைவிரலைப் பிடித்து டாங்கியின்மேல் வைத்தாள். மறுபக்கம் ஒரு இடம். அடியில் ஒரு இடம். பம்புக்குப் பக்கத்தில் ஒரு இடம். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. விரலுக்கு மட்டும், சொல்லித் தெரிந்த பிறகு, பித்தளை அங்கே ஒரு நூல் இழை மெலிந்திருப்பதுபோல் பட்டது.

"ஒருக்கா ஓடையில. ஒருக்கா எங்க ஊட்டு வாசப்படியில. ஒருக்கா பலா மரத்தடியில," என்றாள் ராமாயி. "நீங்க ஒருக்காதான் போட்டீங்க கண்ணு. நான் மூணு வாட்டி போட்டிருக்கறேன்."